மெல்ல மேலேறும் இதயம்

1980களின் இறுதியில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் செடார்ஸ்-சைனாய் மருத்துவமனையில் ஒரு சிக்கல் மருத்துவர்களின் கண்ணை உறுத்தியது. டிரெட்மில்லில் ஓடவைத்து எடுக்கும் தாலியம் ஸ்கேனில், இதயநோய் இருக்க வாய்ப்பே குறைவு என்று கருதப்பட்டவர்கள் சிலருக்கும் இதயத்தின் அடிச்சுவரில் ரத்தம் குறைந்திருப்பதாகப் படம் காட்டியது. சில மணி நேரம் கழித்து, ஓய்வில் எடுத்த இரண்டாவது படத்தில் அந்தக் குறை மறைந்துபோனது. ஓட்டத்தில் தோன்றி ஓய்வில் மறையும் குறைக்குப் பாடப்புத்தகம் சொல்லும் பொருள் தமனியில் அடைப்பு என்பதுதான். அடுத்த கட்டம் ஆஞ்சியோகிராம்.

1989-இல் ஃப்ரீட்மன் தலைமையிலான குழு அதற்கு விளக்கம் கண்டு வெளியிட்டது. தமனிகளில் பழுதில்லை. படத்தைக் கெடுத்தது மூச்சு.

ஓடி இறங்கியவருக்கு மேல்மூச்சு வாங்கும். நுரையீரல் வழக்கத்தைவிட விரிந்திருக்கும். அதற்குக் கீழே உள்ள உதரவிதானம் தாழ்ந்திருக்கும். உதரவிதானத்தின்மேல் அமர்ந்திருக்கும் இதயமும் அதனுடன் இறங்கியிருக்கும். மேசையில் படுத்து மூச்சு ஆற ஆற உதரவிதானம் தன் இடத்துக்குத் திரும்பும். இதயமும் கூடவே ஏறும். காமா கேமரா உடலைச் சுற்றிவரும் சுமார் இருபது நிமிடத்துக்குள் இந்த ஏற்றம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டலாம். படுத்திருப்பவர் சுண்டுவிரலைக்கூட அசைத்திருக்க மாட்டார். அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் படத்தில் அவருடைய இதயம் பழுதாகிவிட்டது.

கண்டுபிடித்த பரிகாரம் சிரிப்பு வரும் அளவுக்கு எளிது. ஓடி முடித்தவரைச் சுமார் 15 நிமிடம் உட்காரவைத்து, மூச்சு ஆறிய பிறகு ஸ்கேனைத் தொடங்கினால் போதும். அப்படியானால் முதலிலேயே ஏன் காத்திருக்கவில்லை? ஓடும்போது ஊசியில் செலுத்தும் கதிரியக்கத் தாலியம்-201 காத்திருக்காது என்பதுதான் காரணம். உடலில் அது பொட்டாசியம் போல நடந்துகொள்கிறது. இதயத் தசையின் செல்களுக்குள் புகுந்தது அங்கேயே தங்காமல் வெளியே வந்து மறுபடி பரவிக்கொண்டே இருக்கும். இரண்டாவது ஊசி இல்லாமல் ஓய்வுப் படம் எடுக்க முடிவது இந்தக் குணத்தால்தான். முதல் படத்தை அவசர அவசரமாக எடுக்க வேண்டியிருப்பதும் இதே குணத்தால்தான். அதிகம் தாமதித்தால் உண்மையான அடைப்பின் தடயமும் கரையத் தொடங்கிவிடும். 1990களில் பரவலான டெக்னீஷியம்-99எம் செஸ்டமிபி இந்த இக்கட்டை அவிழ்த்தது. அது செல்லுக்குள் போனால் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். ஓடும்போது ஊசி போட்டு, அரைமணி அல்லது ஒரு மணி நேரம் கழித்து நிதானமாகப் படம் எடுத்தாலும், ஓடிய கணத்தின் ரத்த ஓட்டம்தான் பதிவாகும். அசைவுப் பிழையைச் சரிசெய்யப் பலர் கணினி நிரலைத் தேடிக்கொண்டிருந்தபோது, அதில் பெரும்பங்கை ஒரு வேதிப்பொருள் சத்தமில்லாமல் தீர்த்துவிட்டது என்பது எனக்குப் பிடித்த சங்கதி.

அசைந்தால் படம் கலங்கும் என்பது நாம் அறிந்ததுதான். கலங்கிய படத்தால் ஆபத்தில்லை. பார்த்ததும் தூக்கிப் போட்டுவிடலாம். அணு மருத்துவத்தில் அசைவு செய்யும் வேலை வேறு. அது தெளிவான படத்துக்குள் இல்லாத நோயை வரைந்துவிடுகிறது. ஏன் என்பதற்குப் படம் உருவாகும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

எக்ஸ்ரேயில் கதிர் வெளியிலிருந்து உடலுக்குள் செல்கிறது. இங்கே உடலுக்குள்ளிருந்து வெளியே வருகிறது. ரத்தத்தில் செலுத்தப்பட்ட மருந்தின் கதிரியக்க அணுக்கள் ஒவ்வொன்றாகச் சிதைந்து காமா கதிர்களை எல்லாத் திசைகளிலும் உமிழ்கின்றன. அவை எங்கிருந்து கிளம்பின என்று தெரிய வேண்டுமானால், நேராக வருபவற்றை மட்டும் உள்ளே விட்டு மற்றவற்றைத் தடுக்க வேண்டும். கேமராவின் முகத்தில் உள்ள, ஆயிரக்கணக்கான நுண்துளைகள் கொண்ட ஈயத் தகடு அதைச் செய்கிறது. அதன் கறார்த்தனத்துக்கு விலை உண்டு. பத்தாயிரம் கதிர்கள் கிளம்பினால் ஏறத்தாழ ஒன்றுதான் தகட்டைக் கடந்து படிகத்தை எட்டும். மருந்தின் அளவைக் கூட்டி இதை ஈடுகட்ட முடியாது. நோயாளியின் உடல் வாங்கும் கதிர்வீச்சு ஏறிவிடும். ஆகவே காலத்தைத்தான் செலவழிக்க வேண்டும். இதய ஸ்பெக்ட் ஸ்கேனில் கேமரா மார்பைச் சுற்றி அரைவட்டம் வந்து, 60 அல்லது 64 கோணங்களில், ஒவ்வொன்றிலும் சுமார் 20 நொடி நின்று எண்ணிக்கை சேர்க்கிறது. பிறகு கணினி இந்தத் தட்டைப் படங்களைச் சேர்த்து உள்ளுறுப்பின் குறுக்குவெட்டுகளைக் கட்டி எழுப்புகிறது.

கோயில் கோபுரத்தைச் சுற்றிவந்து அறுபது இடங்களில் நின்று ஒருவர் படம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிழக்கு வீதியில் எடுக்கும்போது ஓர் உயரத்தில் இருந்த கலசம், அவர் தெற்கு வீதிக்குத் திரும்பியபோது நான்கடி ஏறிவிட்டது. ஒவ்வொரு படமும் தனித்தனியே தெளிவாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் வைத்துக் கோபுரத்தின் மாதிரியைச் செய்ய உட்காருபவர்தான் தவிப்பார். கணினிக்கு அந்தத் தவிப்பும் கிடையாது. எல்லாப் படங்களும் ஒரே பொருளுடையவை என்று நம்பி, முரண்படும் தகவல்களைப் பங்குபோட்டு, ஓரிடத்தில் எண்ணிக்கையைக் குறைத்து இன்னோரிடத்தில் கூட்டி ஒரு விடையைத் தந்துவிடும்.

அந்த விடை குதிரைலாட வடிவில் தெரியும் இதயத் தசையின் ஒரு சுவரில் மெலிவாகவும், அதற்கு எதிர்ச்சுவரில் இன்னொரு மெலிவாகவும் வெளிப்படும். சுவரின் நுனியிலிருந்து வால்போல ஒரு கீற்று வெளியே சுழன்று நீளும். வானிலை வரைபடத்துச் சூறாவளிச் சின்னத்தின் சாயல் இருப்பதால் துறையினர் அந்தப் பெயரிலேயே இதை அழைக்கிறார்கள். வால் தெரிந்தால் நல்லது. பிழை என்று பிடித்துவிடலாம். வால் இல்லாமல் மெலிவு மட்டும் இருக்கும் படங்களில்தான் ஏமாற்றம்.

எவ்வளவு அசைந்தால் கெடும்? படத்தின் ஒரு புள்ளி சுமார் ஆறரை மில்லிமீட்டர் அகலம். ஒரு புள்ளிக்குள் அடங்கும் நகர்வு பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. இரண்டு புள்ளிகளைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். ஸ்கேனின் தொடக்கத்திலோ இறுதியிலோ ஏற்படும் அசைவைவிட நடுவில் ஏற்படுவது அதிகம் கெடுக்கும். இரண்டு கேமராத் தலைகள் செங்கோணத்தில் நின்று சுற்றும் கருவிகளில் ஒரே இருமல் இரண்டு இடங்களில் பதிவாகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்கும் வழி பழையது, மலிவானது, இன்றும் தோற்காதது. மூலப் படங்களை வரிசையாக ஓடவிட்டுப் பார்ப்பதுதான் அது. சுழலும் மார்புக்குள் இதயம் சீராக நகர்ந்து செல்ல வேண்டும். எங்காவது துள்ளினால் அங்கே அசைவு. அடுத்தது சைனோகிராம். உடலின் ஒரு குறுக்கு அடுக்கை மட்டும் எடுத்து, கோணம் மாற மாற அது பதிவான வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் இதயம் வழவழப்பாக வளையும் பட்டையாகத் தெரியும். பட்டை முறிந்திருந்தால் நோயாளி அந்த இடத்தில் அசைந்திருக்கிறார். நெஞ்செலும்பின்மேல் கதிரியக்கம் கொண்ட சிறு புள்ளியை ஒட்டிவைத்து அதன் தடத்தைப் பார்த்தவர்களும் உண்டு. ஆனால் மார்பு அசையாமல் உள்ளே இதயம் மட்டும் ஏறினால் அந்தப் புள்ளி ஒன்றும் சொல்லாது.

கண்டுபிடித்தால் திருத்தலாமா? ஓரளவுக்கு. தலை-கால் திசையில் ஏற்பட்ட நகர்வு எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் அதே மேல்-கீழ் நகர்வாகவே தெரியும். எனவே பக்கத்துப் படத்தோடு ஒப்பிட்டு, துள்ளிய படத்தை அத்தனை மில்லிமீட்டர் கீழே இறக்கிப் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது. பக்கவாட்டு நகர்வு அத்தனை சுலபமில்லை. கேமரா சுற்றுவதால் இதயம் எப்படியும் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே தெரியும். அதில் எது கேமராவால், எது நோயாளியால் என்று பிரிக்க வேண்டும். நோயாளி தோளைத் திருப்பி உடலை முறுக்கியிருந்தால் படங்களை இடம் மாற்றுவதால் பயனில்லை. அவை வேறு கோணத்திலிருந்து எடுத்த படங்களாகவே ஆகிவிட்டன.

நிரலை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. செஸ்டமிபி கல்லீரல் வழியாகக் குடலுக்குப் போகும். இதயத்துக்கு அருகே குடல் பிரகாசமாக மின்னும்போது, நிரல் இதயத்தை விட்டுவிட்டுக் குடலைப் பின்தொடரும். அசையாதவரின் ஸ்கேனில் அசைவைப் புகுத்தி, இல்லாத குறையை அதுவே உண்டாக்கிவிடும். அதனால்தான் திருத்திய பிறகும் மறுபடி ஓடவிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். பிழை பெரிதாக இருந்தால் நிரலோடு மல்லுக்கட்டுவதைவிட மறுபடி எடுப்பதே மேல் என்பேன். டெக்னீஷியத்தின் அரையாயுள் 6 மணி நேரம்; மருந்து ஏற்கெனவே இதயத்தில் உட்கார்ந்திருக்கிறது; இன்னொரு ஊசி தேவையில்லை. தேவைப்படுவது மேசையில் இருபது நிமிடம் மட்டும்தான். வெளியே நீளும் வரிசையில் அதுதான் கிடைப்பதில்லை.

தலைக்குமேல் கைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் படுத்திருப்பது, தோள்வலி உள்ள அறுபது வயதுக்காரருக்குத் தண்டனைதான். முழங்காலுக்கு அடியில் தலையணை, கைகளுக்குத் தாங்கி, படுப்பதற்குமுன் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வது, இவையெல்லாம் எந்த நிரலுக்கும் குறைந்தவை அல்ல. குப்புறப் படுக்கவைத்து எடுத்தாலும் அசைவு குறைகிறது. பேசவைத்துச் சிரிக்கவைக்கும் டெக்னீஷியன் நல்லவர்தான், கேமரா சுற்றத் தொடங்கும்வரை.

குழந்தைகளிடம் இந்த அறிவுரைகள் எதுவும் செல்லாது. சிறுநீரக ஸ்கேனுக்கு வரும் கைக்குழந்தைக்கு மயக்கமருந்து கொடுப்பதைவிட, வயிறு நிறையப் பாலூட்டி, துணியில் இறுக்கமாகச் சுற்றி, தூங்கிய பிறகு எடுப்பதைப் பல மருத்துவமனைகள் விரும்புகின்றன. அங்கே அசைவின் விளைவு இன்னும் நூதனமானது. ரெனோகிராம் என்னும் சோதனையில் சிறுநீரகம் மருந்தை எவ்வளவு வேகமாக வாங்கி எவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறது என்பதை அரைமணி நேரம் தொடர்ந்து அளக்கிறார்கள். திரையில் சிறுநீரகத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டு, அதற்குள் விழும் எண்ணிக்கையை நேரத்துக்கு எதிராக வரைகிறார்கள். நடுவில் குழந்தை புரண்டால் சிறுநீரகம் கோட்டைவிட்டு வெளியே போய்விடும். எண்ணிக்கை சரியும். பார்ப்பவருக்குச் சிறுநீர் தாராளமாக வடிந்ததுபோல் தோன்றும். அடைப்பு இருக்கும் சிறுநீரகம் அன்று நலமானதாக அறிக்கை பெற்றுவிடலாம். நல்லவேளையாக இந்த அரைமணி நேரம் சில நொடி நீளத் துண்டுகளாகப் பதிவாகிறது. புரண்ட துண்டுகளை அடையாளம் கண்டு நகர்த்தியோ நீக்கியோ கணக்கைச் சரிசெய்ய முடிகிறது.

பெட் ஸ்கேனுக்கு வருவோம். பாசிட்ரான் உமிழும் ஃப்ளூரின்-18 போன்ற ஐசோடோப்பை மருந்தில் பிணைத்துச் செலுத்துகிறார்கள். பாசிட்ரான் ஓர் எலெக்ட்ரானைச் சந்தித்து இரண்டும் அழியும்போது 511 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள இரு ஃபோட்டான்கள் எதிரெதிர்த் திசைகளில் பறக்கின்றன. உடலைச் சுற்றியிருக்கும் வளையம் இரண்டையும் ஒரே கணத்தில் பிடித்தால், அவற்றை இணைக்கும் கோட்டில் எங்கோ அந்த அணு இருந்தது என்று பொருள். ஈயத் தகடு வேண்டாம், கேமரா சுற்றவும் வேண்டாம். எல்லாக் கோணங்களும் ஒரே நேரத்தில் பதிவாவதால் ஸ்பெக்டில் வரும் முரண்பாடு இங்கே இல்லை. மூச்சு இருக்கிறது.

மார்புப் பகுதியைப் படம்பிடிக்க இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். நான்கு நொடிக்கு ஒரு மூச்சு என்றால் நாற்பது மூச்சுகளின் சராசரிதான் கிடைக்கும் படம். சாதாரண மூச்சில் உதரவிதானம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஏறி இறங்கும். கருவியோ நான்கைந்து மில்லிமீட்டர் நுணுக்கம்வரை பார்க்க வல்லது. நுரையீரலின் அடியில் ஒரு சென்டிமீட்டர் கட்டி இருந்தால், அதன் ஒளிர்வு அது பயணம் செய்யும் பாதை முழுக்கப் பூசப்பட்டுவிடும். கட்டி பெரிதாகவும் மங்கலாகவும் தெரியும். கீமோதெரபிக்கு முன்னும் பின்னும் எடுத்த இரு படங்களின் ஒளிர்வை எண்ணாக்கி ஒப்பிட்டுத்தான் மருந்து வேலை செய்கிறதா என்று முடிவெடுக்கிறார்கள். இரண்டாம் முறை நோயாளி ஆழமாக மூச்சுவிட்டிருந்தால், மருந்து செய்யாத வேலையை மூச்சு செய்துகாட்டும்.

டேவிட் டவுன்செண்டும் ரோனால்ட் நட்டும் உருவாக்கிய முதல் பெட்-சி.டி. மாதிரிக் கருவி 1998-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. இரண்டு கருவிகளை ஒரே கூட்டில் வைத்தது புற்றுநோய் மருத்துவத்தையே மாற்றிய காரியம். கூடவே ஒரு புதிய அசைவுப் பிழையும் வந்து சேர்ந்தது. உடலுக்குள்ளிருந்து கிளம்பும் ஃபோட்டான்களில் பல திசுக்களில் மடிந்துவிடுகின்றன. எத்தனை மடிந்தன என்று கணக்கிட்டு ஈடுசெய்ய சி.டி.யின் அடர்த்தி வரைபடம் பயன்படுகிறது. சி.டி.க்குச் சில நொடிகள் போதும். மூச்சின் ஏதோ ஒரு கட்டத்தில் அது உறைந்த படம். பெட், நாற்பது மூச்சுகளின் சராசரி. நோயாளி நன்றாக மூச்சை இழுத்திருந்தபோது சி.டி. எடுக்கப்பட்டால், கல்லீரலின் உச்சி இருக்க வேண்டிய இடத்தில் வரைபடம் நுரையீரலைக் காட்டும். காற்றுதானே என்று கணினி அங்கே ஈட்டைக் குறைத்துவிடும். விளைவாக நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் நடுவே பிறை வடிவில் ஒரு வெறுமை. இதைவிட மோசம், கல்லீரல் உச்சியில் உள்ள கட்டி சி.டி.யின் நுரையீரல்மேல் போய் உட்கார்ந்துகொள்வது. குடல்புற்று கல்லீரலுக்குப் பரவியதா, நுரையீரலுக்கா என்பது சிகிச்சையையே மாற்றும் கேள்வி. வழக்கமான சி.டி. அறையில் ஒலிக்கும் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லும் குரல், பெட்-சி.டி.யில் பெரும்பாலும் ஒலிக்காததற்கு இதுதான் காரணம். மெதுவாக, இயல்பாக மூச்சுவிடச் சொல்கிறார்கள்.

இதயத்தில் இந்தப் பொருந்தாமை எவ்வளவு பரவலானது என்பதை ஹூஸ்டனில் லான்ஸ் கோல்ட் குழு 2007-இல் காட்டியது. தொடர்ச்சியாக வந்த 259 பேரின் இதய பெட்-சி.டி. படங்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தில், இரு படங்களும் இடம் பொருந்தாததால் உண்டான போலிக் குறைகள் இருந்தன. சி.டி.யைத் திரையில் சற்று நகர்த்தி இதயத்தோடு பொருத்தி மறுபடி கணக்கிட்டால் அவை மறைந்தன. பொருத்திப் பார்க்க எடுக்கும் நேரம் சில நிமிடங்கள்தான்.

மூச்சையே கணக்கில் எடுக்கும் முறைக்கு 2000களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் நெஹ்மே குழு வழிகாட்டியது. வயிற்றில் அழுத்தம் உணரும் பட்டையைக் கட்டியோ, மார்பில் வைத்த பிரதிபலிப்பானை அகச்சிவப்புக் கேமராவால் பார்த்தோ மூச்சின் அலையைப் பதிவுசெய்யலாம். பெட் கருவி ஒவ்வொரு ஃபோட்டான் இணையையும் நேரமுத்திரையோடு சேமிக்கிறது. இரண்டையும் சேர்த்தால் மூச்சு முழுக்க வெளியேறியிருந்த கணங்களில் வந்தவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துப் படமாக்கலாம். கட்டி கூர்மையாகத் தெரியும். ஆனால் எண்ணிக்கையில் முக்கால்வாசியை எறிந்துவிட்டால் படத்தின் இரைச்சல் இருமடங்காகும். அசைவை நீக்கிப் புள்ளிப்புள்ளியான படத்தை வாங்குவது லாபமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. ஆகவே எறியாமல், மூச்சின் ஒவ்வொரு கட்டத்தையும் தனிப்படமாக்கி, ரப்பர்த்தாள் போல இழுத்து வளைத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திக் கூட்டும் முறைகள் வந்தன. பட்டையும் கேமராவும் இன்று கட்டாயமில்லை. கல்லீரல் ஏறி இறங்கும்போது பெட் தரவிலேயே எண்ணிக்கை அலைபாய்கிறது. அந்த அலையிலிருந்து மூச்சைப் படித்துவிடும் நிரல்களைக் கருவி நிறுவனங்களே விற்கின்றன.

மூளையில் மூச்சின் தொல்லை இல்லை. ஆனால் ஆராய்ச்சி ஸ்கேன் ஒன்றரை மணி நேரம் நீளும், பங்கேற்பவருக்குப் பார்க்கின்சன் நடுக்கமோ மறதிநோயோ இருக்கும். 1997-இல் மான்ட்ரியலில் பிக்கார்டும் தாம்சனும் தலையில் சிறு விளக்குகளைப் பொருத்திக் கேமராவால் கண்காணித்தார்கள். தலை குறிப்பிட்ட அளவுக்குமேல் நகர்ந்தவுடன் பழைய பதிவை மூடிப் புதிய பதிவு தொடங்கும். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே நிலைக்குத் திருப்பிச் சேர்ப்பார்கள். இரண்டரை மில்லிமீட்டர் நுணுக்கம் கொண்ட மூளைப் பெட் கருவிகள் வந்தபோது, ஒவ்வொரு ஃபோட்டான் கோட்டையும் தனித்தனியே திருப்பிவைக்கும் அளவுக்கு இது வளர்ந்தது. கருவி மங்கலாகப் பார்த்த காலத்தில் யாரும் பொருட்படுத்தாத இரண்டு மில்லிமீட்டர், கருவி கூர்மையானதும் பிழையாகிவிட்டது.

இந்தத் துறையில் என்னைச் சிரிக்கவைத்த தீர்வு அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்திலிருந்து வந்தது. எலியின் மூளையைப் படம்பிடிக்க அதை மயக்க வேண்டும். மயக்கினால் மூளையின் வேலையே மாறிவிடும். விழித்திருக்கும் எலியை அசையாதே என்று சொல்ல முடியுமா? 2011-இல் அவர்கள் வெளியிட்ட கருவி, எலியின் தலையில் மாட்டும் சின்னஞ்சிறு பெட் வளையம். எடை சுமார் 250 கிராம். பாரம் தெரியாமல் மேலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். எலி ஓடினால் ஸ்கேனரும் ஓடும்.

மனிதருக்கான கருவிகள் எதிர்த்திசையில் வளர்ந்தன. டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சைமன் செரி, ரம்சி பதாவி ஆகியோரின் எக்ஸ்ப்ளோரர் 194 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய்; 2018-இல் அதன் முதல் மனிதப் படங்கள் வெளியாயின. உச்சந்தலை முதல் பாதம்வரை ஒரே நேரத்தில் பிடிப்பதால் வீணாகும் ஃபோட்டான்கள் வெகுவாகக் குறைகின்றன. ஒரு மூச்சை அடக்கிவைக்கும் நேரத்திலேயே படம் எடுக்கலாம் என்னும் நிலை வந்தபோது, மூச்சைத் திருத்த வேண்டிய அவசியமே சில ஸ்கேன்களில் இல்லாமல் போனது.

இதயத் துடிப்பை மட்டும் யாராலும் அடக்கிவைக்க முடியாது. 2014-இல் எடின்பரோ குழு லான்செட் இதழில் ஒரு முடிவை வெளியிட்டது. மாரடைப்பு வந்த 40 பேருக்கு ஃப்ளூரின்-18 கொண்ட சோடியம் ஃப்ளூரைடு செலுத்திப் பெட் எடுத்தபோது, 37 பேரில், மாரடைப்பை உண்டாக்கிய அதே கொழுப்புப் படிவில்தான் மருந்து மிக அதிகமாகச் சேர்ந்திருந்தது. வெடிக்கும் தறுவாயில் உள்ள படிவை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் ஸ்கேன் ஒன்று கிடைக்குமா என்ற ஆவலை இது கிளப்பியது. படிவு சில மில்லிமீட்டர் அளவு. அது ஒட்டியிருக்கும் தமனி ஒவ்வொரு துடிப்பிலும் அதைவிடப் பல மடங்கு தூரம் வீசி எறியப்படுகிறது. முதலில் செய்தது, இதயம் ஓய்ந்திருக்கும் கணங்களை ஈ.சி.ஜி. கொண்டு பொறுக்கி எடுத்து மற்றவற்றைத் தள்ளிவிடுவது. பிறகு எடின்பரோவும் செடார்ஸ்-சைனாயும் சேர்ந்து, துடிப்பின் எல்லாக் கட்டங்களையும் வளைத்துப் பொருத்தித் தரவை வீணாக்காமல் சேர்த்தார்கள். அடுத்து மூச்சைச் சேர்த்தார்கள். அப்புறமும் ஒரு கலக்கம் மிஞ்சியிருந்தது: அரைமணி நேரம் படுத்திருப்பவர் தன்னை அறியாமல் தளர்ந்து, முதுகை நெளித்து, சில மில்லிமீட்டர் இடம் மாறுவது. துடிப்பு, மூச்சு, நெளிவு மூன்றையும் ஒரே கணக்கில் திருத்தும் முறையை 2019-இல் வெளியிட்டார்கள். ஒரே நோயாளிக்கு இரு தடவை எடுத்த ஸ்கேன்களின் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போனது அதற்குப் பிறகுதான் கூடியது.